கல்லில் எழுந்த எதிர்ப்பு

தணிக்கை இனி ஒருபோதும் மீளாது என்று 1830ஆம் ஆண்டுச் சாசனத்தில் உறுதி கூறி, பிரான்சு நாட்டின் அரியணையில் அமர்ந்தவர் லூயி பிலிப். அவ்வுறுதியின் கதியை அறிய நாம் சட்ட நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. சார்ல் பிலிப்போன் பாரிசில் நடத்திய 'லா கரிகாத்தூர்' என்னும் வார இதழின் படங்களே போதும்.

மன்னரை இழிவுபடுத்தியதாக 1831இல் பிலிப்போன்மீது வழக்கு வந்தது. மன்னரின் முகம் படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதை நான்கு படங்களாக வரைந்து, 'இவற்றுள் எது குற்றம்?' என்னும் கேள்வியை அவர் நீதிமன்றத்தின் முன் வைத்தார். தண்டனை கிடைத்தது, ஆயினும் பாரிசுச் சுவர்களிலெல்லாம் பேரிக்காய் காய்த்தது!

அவ்விதழின் ஓவியர்களுள் ஒருவர் கண்ணாடி பொருத்துபவரின் மகனான ஒனோரே தோமியே. சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புக்கோலால் வரைந்து, நீரும் எண்ணெயும் ஒட்டாத இயல்பைக் கொண்டு படியெடுக்கும் கல்லச்சு அவரது கருவி. மக்களின் காசைக் கூடை கூடையாக விழுங்கும் அரக்கனாக மன்னரை வரைந்ததற்கு, 1832இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

1834 ஏப்ரலில் பாரிசில் கலகம் மூண்டது. திரான்சுநொனேன் தெருவின் ஒரு வீட்டிலிருந்து யாரோ சுட்டதாகக் கூறி, படைவீரர்கள் உள்ளே புகுந்து குடியிருந்தோரைக் கொன்றனர். தோமியே அந்த அறையை வரைந்தார். இரவுச் சட்டையுடன் கட்டிலோரம் சாய்ந்து கிடக்கும் ஒருவர். அவர் உடலின் அடியில் நசுங்கிய குழந்தை. நிழலில் ஒரு பெண். மூலையில் ஒரு முதியவரின் முகம். மன்னரும் இல்லை, வீரரும் இல்லை, பேரிக்காயும் இல்லை. சிரிப்பதற்கு ஏதுமில்லாத இப்படத்தை நையாண்டி வரிசையில் சேர்க்கலாமா என்று நாமும் தயங்கியதுண்டு. கேலியைக் கைவிட்டதனாலேயே இது மற்றெல்லாப் படங்களையும்விட ஆழமாகச் சுடுகிறது என்பதே நம் துணிபு. அரசும் அவ்வாறே உணர்ந்தது போலும்: கிடைத்த படிகளோடு கல்லையும் கைப்பற்றியது.

1835 செப்டம்பரில் படங்களுக்கு முன்தணிக்கை மீண்டது. எழுத்து கருத்தாம், படம் செயலாம்; சாசனம் காப்பது கருத்தை மட்டுமாம்! தோமியே வழக்கறிஞர்களையும் வணிகர்களையும் வரையத் தொடங்கினார். அவர் வரைந்து வந்த 'லெ ஷரிவரி' நாளிதழை முன்மாதிரியாகக் கொண்டு, 1841இல் இலண்டனில் 'பஞ்ச்' பிறந்தது.

1848 பிப்ரவரியில் மன்னர் இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். அடுத்த மாதமே தோமியேவின் படமொன்று வெளிவந்தது. காலியான அரியணையின் மெத்தையில் தெருச்சிறுவன் ஒருவன் அமிழ்ந்து உட்கார்ந்திருக்கிறான்.