மா எமே அனுப்பிய மருந்துப் புட்டி

ஜமைக்காவிலிருந்து கப்பலேறி வந்த ஹோப் வாடெல் குழுவினர் 1846-இல் இன்றைய நைஜீரியாவின் கலபாரில் பிரஸ்பிட்டேரியன் மிஷனைத் தொடங்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். பள்ளிகள் நடத்தினார்கள். எஃபிக் மொழியில் பைபிளை முழுவதுமாக அச்சில் கொண்டுவந்தார்கள். ஆனால் நாற்பது ஆண்டு உழைத்தும் ஆற்றங்கரை ஊர்களைத் தாண்டி உள்ளே போக அவர்களால் முடியவில்லை. கலபார் ஆற்றுக்கும் கிராஸ் ஆற்றுக்கும் நடுவே காட்டுக்குள் வாழ்ந்த ஒகோயோங் மக்கள் வெளியாட்களை உள்ளே விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாக உள்நாட்டு மக்களைப் பிடித்து ஐரோப்பியக் கப்பல்களுக்கு விற்ற துறைமுகம் கலபார். அடிமை வியாபாரம் நின்று பாமாயில் வியாபாரம் வந்த பிறகும், அந்த வழியாகக் காட்டுக்குள் வந்து சேர்ந்தவை துப்பாக்கியும் ஜின் சாராயமும்தான்.

1888 ஆகஸ்டில், கொட்டும் மழையில், கிரீக் டவுன் அரசர் ஏழாம் எயோ ஹானஸ்டி கொடுத்தனுப்பிய படகு ஒன்று ஒகோயோங் கரையைத் தொட்டது. இறங்கியவர் அதே மிஷனின் ஊழியர் மேரி ஸ்லெஸர். வயது 39. கூடவே ஐந்து குழந்தைகள், எல்லாம் அவர் எடுத்து வளர்த்தவை. மூத்தவனுக்குப் பதினொரு வயது, கடைசியானது கைக்குழந்தை. அங்கிருந்து எகெங்கே என்ற ஊருக்கு நாலு மைல் காட்டுப் பாதை. இருட்டில் நனைந்து, பசியில் அழும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தால் ஆள் நடமாட்டமே இல்லை. பக்கத்து ஊரில் சாவு, எல்லோரும் அங்கே போயிருந்தார்கள். சுமைகூலிகளோ களைத்துப்போய்ப் படகை விட்டு நகர மறுத்துவிட்டார்கள். பிள்ளைகளைக் குடிசையில் விட்டுவிட்டு மேரி மறுபடியும் ஆற்றங்கரைக்கு நடந்தார். கெஞ்சியும் அதட்டியும் ஆட்களை எழுப்பி, அந்த இரவிலேயே மூட்டைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அறிய ஸ்காட்லாந்தின் டண்டீ நகர மில்லுக்குப் போக வேண்டும். 1848-இல் அபர்டீனில் பிறந்தவர் மேரி. அப்பா செருப்புத் தைப்பவர், பெருங்குடிகாரர். அம்மா தறி வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். பதினொரு வயதில் மேரியும் டண்டீயில் பாக்ஸ்டர் சகோதரர்களின் மில்லுக்குப் போனார். பாதி நாள் வேலை, பாதி நாள் மில் பள்ளியில் படிப்பு. பதினான்கு வயதில் முழுநேரத் தொழிலாளி. குடித்துவிட்டு அடிக்கும் ஆண்களும், வாய்பேச முடியாமல் அடிபடும் பெண்களும் அவருக்குப் புதியவர்கள் இல்லை. ஆண்டுக்கு அறுபது பவுன் சம்பளத்தில் 1876-இல் கலபாருக்குக் கப்பலேறியவர், பன்னிரண்டு ஆண்டுகளில் எஃபிக் மொழியை அங்கேயே பிறந்தவர்போலப் பேசக் கற்றுக்கொண்டார். மிஷன் பங்களாவின் ஐரோப்பியச் சாப்பாட்டை விட்டார். கிழங்கும் வாழைக்காயும் அவர் உணவாயின. தொப்பியில்லை, காலணியில்லை, முடியை ஆண்பிள்ளைபோலக் கத்தரித்துக்கொண்டார். மலேரியாக் காய்ச்சல் மட்டும் கடைசிவரை விடவில்லை.

எகெங்கேயில் தலைவர் எடெம், தன் வளவுக்குள்ளேயே மேரிக்கு ஓர் அறை கொடுத்தார். எடெமின் மனைவிமார், அடிமைகள், ஆடு, கோழி, கூச்சல் எல்லாவற்றுக்கும் நடுவே வாழ்க்கை. அந்த வளவில்தான் எடெமின் சகோதரி மா எமேயைச் சந்தித்தார்.

மா எமே ஒரு விதவை. அவருடைய கணவர் இறந்தபோது, மனைவிகளில் யாரோ ஒருத்தி சூனியம் வைத்துத்தான் அவர் செத்தார் என்று எல்லா மனைவியரையும் நிறுத்தி வைத்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு கோழி கொண்டுவர வேண்டும். மந்திரவாதி அதன் தலையை வெட்டுவார். உடல் எப்படித் துடித்து விழுகிறது என்பதை வைத்துக் குற்றவாளி யார் என்று சொல்வார். மா எமேயின் கோழி அவரைக் காப்பாற்றியது. தீர்ப்பைக் கேட்ட கணத்தில் அவர் மயங்கி விழுந்துவிட்டார். அந்தச் சில நிமிடங்களைக் கடந்து வந்த பெண் அவர்.

ஊரில் யாரையாவது கொல்லத் திட்டம் நடந்தால், ஆண்கள் கூடிப் பேசுவது மா எமேயின் காதுக்கு எட்டிவிடும். வெளிப்படையாகச் சொன்னால் சொந்த மக்களே காட்டிக்கொடுத்தவள் என்று தீர்த்துக்கட்டிவிடுவார்கள். எனவே ஒரு வழி கண்டார்கள். ஒரு சின்ன மருந்துப் புட்டியைச் சிறுவன் கையில் கொடுத்து, மருந்து வாங்கிவரச் சொல்லி மா எமே அனுப்புவார். புட்டியைப் பார்த்தால் மேரிக்குப் புரிந்துவிடும். இரவோ மழையோ, உடனே கிளம்பிவிடுவார். வெள்ளைக்காரிக்கு எப்படி எல்லாம் முன்கூட்டியே தெரிகிறது என்று ஊர் வியந்தது. மேரியின் தைரியத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தைரியத்துக்கு வழிகாட்டிய கண்கள் மா எமேயுடையவை. என் கணிப்பில் ஒகோயோங்கில் அதிகம் பணயம் வைத்தவர் அவர்தான். மேரிக்காவது பின்னால் ஒரு மிஷன் இருந்தது.

எடெமின் மகன் ஏத்திம் இறந்தபோதுதான் பெரிய சோதனை. கல்யாணத்துக்காகப் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தவன்மேல் மரம் விழுந்து அடிபட்டது. மேரி பக்கத்திலேயே இருந்து பார்த்தும் இரண்டு வாரத்தில் இறந்துபோனான். மந்திரவாதி ஒரு பக்கத்து ஊரின்மேல் பழி போட்டார். கைக்குழந்தை வைத்திருந்த தாய்மார் உள்படப் பத்துப் பன்னிரண்டு பேரைப் பிடித்து வந்து சங்கிலியால் கட்டினார்கள். மேரி சடலத்துக்கு ராஜ மரியாதை செய்தார். தன்னிடம் இருந்த பட்டுத் துணிகளைச் சுற்றி, தலையில் தொப்பி வைத்து, நாற்காலியில் குடைக்கீழ் அமர்த்தி, எதிரே கண்ணாடியும் வைத்தார். மகனுக்கு இத்தனை கௌரவமா என்று எடெம் குடும்பம் உருகியது. கோபம் தணியும்வரை, அங்கே வேலைக்கு வந்திருந்த ஸ்காட்லாந்துத் தச்சர் சார்ல்ஸ் ஓவன்ஸும் மேரியும் இரவு பகலாகக் கைதிகளுக்குக் காவல் இருந்தார்கள். ஒவ்வொருவராக விடுதலை ஆனார்கள். கடைசியில் அடக்கத்தின்போது வெட்டப்பட்டது ஒரு மாடு மட்டும்.

அந்தக் கைதிகளுக்குக் கொடுக்கக் காத்திருந்தது எசெரே என்ற கொட்டை. கலபார் அவரை என்பது வெளியுலகம் வைத்த பெயர். அரைத்துக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்தவர் நிரபராதி, செத்தவர் குற்றவாளி. கலபாரிலிருந்து எடின்பரோவுக்குப் போன இந்தக் கொட்டையை 1855-இல் ராபர்ட் கிறிஸ்டிசன் என்ற பேராசிரியர் தானே தின்று பார்த்தார். நிலைமை மோசமாவதை உணர்ந்து, முகச்சவரம் செய்த தண்ணீரை எடுத்துக் குடித்து வாந்தி எடுத்துப் பிழைத்தார். 1864-இல் அதிலிருந்து பைசோஸ்டிக்மின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதை முன்மாதிரியாக வைத்து 1930-களின் தொடக்கத்தில் செய்யப்பட்டது நியோஸ்டிக்மின். நல்லபாம்பு கடித்து இமை சரிந்து, மூச்சுத் திணறும் நிலைக்குப் போகும் நோயாளிக்கு, விஷமுறிவு மருந்தோடு நம் ஊர் மருத்துவமனைகளில் போடும் ஊசிகளில் இதுவும் ஒன்று. ஒகோயோங்கில் எத்தனையோ அப்பாவிகளைக் கொன்ற கொட்டைக்கு இப்படியும் ஒரு வம்சம் உண்டு.

இனி இரட்டைப் பிள்ளைகள். மேரியின் பெயரோடு உலகம் சேர்த்து நினைவில் வைத்திருப்பது இதைத்தான். இரட்டைக் குழந்தை பிறந்தால் ஒன்று தீய ஆவிக்குப் பிறந்தது என்பது அங்கே நம்பிக்கை. எது என்று தெரியாது, ஆகவே இரண்டையும் காட்டில் எறிவார்கள். தாயைத் துரத்திவிடுவார்கள். இதை ‘ஆப்பிரிக்க வழக்கம்’ என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். இன்றைய நைஜீரியாவின் மேற்கே யொரூபா மக்களுக்கு இரட்டைப் பிள்ளைகள் பெரும் பேறு. அவர்களுக்கென்றே தைவோ, கெஹிந்தே என்று பெயர்களே இருக்கின்றன. எஃபிக் ஊர்களிலும்கூட 1878-இலேயே பிரிட்டிஷ் கான்சலும் தலைவர்களும் செய்த உடன்படிக்கை இந்தக் கொலையைத் தடை செய்துவிட்டது. உள்காட்டில் அந்தத் தடை வெறும் காகிதம்.

இயே என்ற அடிமைப் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை பிறந்த செய்தி ஒருநாள் வந்தது. மேரி ஓடினார். வழியிலேயே அவளைப் பார்த்துவிட்டார். பிள்ளை பெற்ற உடம்போடு, தலையில் ஒரு பழைய ஜின் பெட்டியைச் சுமந்து வந்துகொண்டிருந்தாள். பின்னால் கூச்சலிட்டபடி கும்பல். பெட்டிக்குள் குழந்தைகள். வேறு யாரும் தொடமாட்டார்கள் என்பதால் மேரி பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டார். பொதுப் பாதையில் இரட்டைப் பிள்ளைகளோடு தாய் நடந்தால், பிறகு அந்தப் பாதையில் ஊரார் கால் வைக்கமாட்டார்கள். சந்தைக்குப் போக்குவரத்தே நின்றுபோகும். தன் வீட்டுக்குப் புதிதாக ஒரு பாதை வெட்டி முடியும்வரை, தாயோடும் பெட்டியோடும் மேரி வெயிலில் காத்து நின்றார். ஒரு குழந்தை பிழைக்கவில்லை. பிழைத்த பெண்ணுக்கு சூசி என்று பெயர் வைத்தார். முதலில் ஒதுங்கி நின்ற ஊரார், அந்தக் குழந்தையின் சிரிப்பில் மயங்கித் தூக்கிக் கொஞ்சத் தொடங்கினார்கள். பதினான்கு மாதத்தில் கொதிநீர் பட்டு சூசி இறந்தாள். மேரி நொறுங்கிப்போனார்.

சட்டமும் பிரசங்கமும் செய்யாததை வியாபாரம் செய்யும் என்பதை மேரி சீக்கிரமே கண்டுகொண்டார். கிழங்கும் பாமாயிலும் ஏற்றிக்கொண்டு ஒகோயோங் தலைவர்களை எயோ அரசரிடம் தானே அழைத்துப்போனார். சரக்குக்கு அடியில் ஒளித்திருந்த வாள்களைக் கண்டு அவற்றை வெளியே போட வைத்துவிட்டுத்தான் படகை நகரவிட்டார். நேர்மையான விலை கிடைத்தது. வேலை வந்ததும் குடியும் சண்டையும் குறைந்தன. பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் பள்ளி வேண்டும் என்று மிஷனை விடாமல் நச்சரித்தார். 1895-இல் கலபாரில் தொடங்கிய ஹோப் வாடெல் பயிற்சி நிறுவனத்துக்குப் பின்னால் அவருடைய வற்புறுத்தலும் உண்டு.

பெரியம்மை வந்த ஆண்டில் மணிக்கணக்காக நின்று அம்மை குத்தினார். அம்மைப்பால் தீர்ந்தபோது, ஏற்கெனவே குத்தப்பட்டவர்களின் கையிலிருந்து பேனாக்கத்தியால் எடுத்து மற்றவர்களுக்குக் குத்தினார். எகெங்கேயில் உயிரோடு இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். எடெம் இறந்தார். அவருக்குச் சவப்பெட்டி செய்து, குழி தோண்டி, தனியாளாக அடக்கம் செய்தவர் மேரி.

1892-இல் பிரிட்டிஷ் அரசு அவரை ஒகோயோங்கின் துணைக் கான்சலாக நியமித்தது. மடியில் குழந்தை, கையில் பின்னல் வேலை, அப்படியே வழக்கு விசாரித்தார். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் பேச இடம் கிடைத்த மன்றம் அது. ஆனால் அந்த நாற்காலி ஒரு பேரரசின் நாற்காலி என்பதை மறைக்க முடியாது. 1901–02-இல் ஆரோ மக்கள்மேல் பிரிட்டிஷ் படை போர் தொடுத்தது. அந்தப் படை திறந்த வழியில்தான் மேரியின் அடுத்த பயணங்கள் இட்டுவுக்கும் ஆரோச்சுக்குவுக்கும் அமைந்தன. படைக்குப் பின்னால் போன மருந்துப்பெட்டியைப் படையிலிருந்து தனியே பிரித்துப் பார்க்க ஒரு ஆப்பிரிக்க வரலாற்றாசிரியர் மறுத்தால், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. காப்பாற்றப்பட்ட குழந்தைகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

1915 ஜனவரி 13-ஆம் தேதி, உசே என்ற ஊரில், தான் வளர்த்த பெண்கள் சூழ மேரி இறந்தார். உடலை ஆற்று வழியாகக் கொண்டுவந்து கலபாரில் அடக்கம் செய்தார்கள். அந்நகரில் இன்றும் அவருக்குச் சிலைகள் உண்டு. 1997-இல் கிளைட்ஸ்டேல் வங்கி தன் பத்துப் பவுன் நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. மா எமே கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை. அதனால் மிஷனின் வெற்றிக் கணக்கில் அவர் சேரவில்லை. ஒகோயோங்கில் நின்றுபோன கொலைகளுக்கு நன்றி சொல்வதானால், அவர் பெயரையும் மேரியின் பெயருக்கு இணையாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம்: அடிமைச் சங்கிலியில் கப்பலேற்றப்பட்ட யொரூபாச் சிறுவன், 1864-இல் ஆங்கிலிகன் சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயராக உயர்ந்த கதை. அவர் சாமுவேல் அஜயி கிரவுதர்.

(தொடரும்)