பழைய கீபோர்டும் கிடைக்காத சிப்பும்

1980-களில் வந்த பாடல்களைக் கேட்கும்போது பின்னணியில் ஒரு சின்தசைசர் சத்தம் அடிக்கடி காதில் விழும். அந்தச் சத்தத்தைக் கொடுத்த பெட்டிகளுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. சில இன்னும் ஸ்டுடியோக்களில் உழைக்கின்றன. சில பரணில் தூங்குகின்றன. ரிப்பேருக்கு எடுத்துப் போனால் முதலில் வரும் கேள்வி, "பார்ட்ஸ் கிடைக்குமா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊருக்கெல்லாம் தெரியும்படி செய்த பாகம் திரும்பக் கிடைத்தது. மூடி மறைத்துச் செய்த பாகம்தான் ஆளைப் படுத்தி எடுத்தது.

எண்ணெய் விட்டால் ஓடிய காலம்

முதலில் ஹேமண்ட் ஆர்கன். 1935-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உள்ளே ஒரு மோட்டார். அது பல் வைத்த சின்னச் சின்ன இரும்புச் சக்கரங்களைச் சுற்றும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். பல் கடந்து போகும்போதெல்லாம் சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும். அதுதான் ஸ்வரம். புகழ்பெற்ற பி-3 மாடலில் இப்படி 91 சக்கரங்கள்.

இதற்குப் பராமரிப்பு என்ன? வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும். வால்வு போனால் பிடுங்கிவிட்டு வேறு செருக வேண்டும். பழைய வால்வு ரேடியோவைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குக்கு இதன் உள்பகுதி பெரிய மர்மம் இல்லை. அதனால்தான் அறுபது, எழுபது வயதான ஹேமண்டுகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன.

பிசினுக்குள் ரகசியம்

அடுத்தது டிரான்சிஸ்டர் காலம். 1971-ல் ஏ.ஆர்.பி. நிறுவனம் 2600 என்ற சின்தசைசரை வெளியிட்டது. அதன் முக்கியமான சர்க்யூட்டுகளை எல்லாம் எபாக்சி பிசினில் முக்கி, கட்டிபோல் இறுக வைத்திருந்தார்கள். போட்டிக் கம்பெனி பிரித்துப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாதாம்! வேடிக்கை என்னவென்றால், உள்ளே இருந்த ஃபில்டரே மூக் நிறுவனத்தின் ஃபில்டரை அப்படியே ஒத்திருந்தது. மூக் ஆட்சேபம் தெரிவித்த பிறகு ஏ.ஆர்.பி. வேறு வடிவமைப்புக்கு மாறியது.

ஏ.ஆர்.பி. 1981-ல் மூடப்பட்டது. ரகசியத்தைக் காத்த கம்பெனி போய்விட்டது. பிசின் மட்டும் நின்றுவிட்டது. உள்ளே பத்துப் பைசா மதிப்புள்ள ஒரு பாகம் செத்திருந்தாலும், கட்டியை உடைக்காமல் அதைத் தொட முடியாது.

ஐந்து குரல், ஒரு பெட்டி

அந்தக் கால சின்தசைசர்கள் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வாசிக்கும். ஐந்து ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்றால் உள்ளே ஐந்து தனித்தனி சின்தசைசர்கள் இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பாகங்கள் தேவைப்படும். போதாததற்கு, டிரான்சிஸ்டர் சூடானால் சுருதி விலகும். ஐந்தும் ஐந்து பக்கம் போனால் கேட்கச் சகிக்காது.

இதற்கு வழி காட்டியது சிப். கலிஃபோர்னியாவில் டேவ் ஸ்மித் நடத்திய சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் 1978-ல் புரொஃபெட்-5 என்ற கீபோர்டை அறிமுகப்படுத்தியது. ஐந்து குரல்கள். எல்லாவற்றையும் மேய்க்க ஒரு இசட்-80 மைக்ரோபிராசசர். செட் செய்த ஒலியை நினைவில் வைத்துக்கொள்ளும் மெமரி. முதல் இரண்டு வடிவங்களில் எஸ்.எஸ்.எம். நிறுவனத்தின் சிப்கள் இருந்தன. அவை அடிக்கடி தகராறு செய்ததால், 1980-ல் வந்த மூன்றாவது வடிவத்தில் டக் கர்ட்டிஸ் வடிவமைத்த சி.இ.எம். சிப்களுக்கு மாறினார்கள்.

இந்த டக் கர்ட்டிஸ்தான் நம் கதையின் நாயகன். அவருடைய சி.இ.எம். 3340 என்ற சிப் 18 கால் கொண்ட ஒரு சின்னத் துண்டு. ஒரு முழு ஆசிலேட்டர், சூட்டினால் சுருதி விலகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு அதற்குள் அடங்கியது. அதைவிட முக்கியம், கர்ட்டிஸ் இதை ஒரு கம்பெனிக்கென்று ஒதுக்கி வைக்கவில்லை. டேட்டாஷீட் போட்டு வெளிச்சந்தையில் விற்றார். ஓபர்ஹைம், மூக், ஜப்பானின் ரோலண்ட் எல்லாரும் வாங்கினார்கள். ரோலண்ட் எஸ்.எச்.-101, மெமரிமூக், ஓபி-எக்ஸ்ஏ எல்லாவற்றிலும் இதே 3340 இருக்கிறது.

ஆறாவது ஸ்வரம் எங்கே?

இன்னொரு பக்கம், பெரிய ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்கென்று தனி பாகங்களைச் செய்துகொண்டன. விலை குறைந்தது, வேலை சுலபமானது. உதாரணம், 1984-ல் வந்த ரோலண்ட் ஜூனோ-106. ஆறு குரல்கள். ஒவ்வொரு குரலுக்கும் 80017ஏ என்ற ஒரு மாட்யூல். குரலின் ஃபில்டரும் ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் பகுதியும் அதற்குள் இருக்கும். மேலே கறுப்புப் பிசின் பூச்சு. கடையில் தனியாகக் கிடைக்கும் சரக்கு இல்லை.

இருபது வருடம் போனதும் பூச்சு வேலையைக் காட்டியது. பாதுகாக்க வேண்டிய பிசினே வயதாக ஆக லேசாக மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்தது. அதன் அறிகுறி விசித்திரமானது. ஒவ்வொரு கட்டையாக வாசித்துக்கொண்டே போனால், ஐந்து ஸ்வரம் ஒழுங்காகக் கேட்கும், ஆறாவது கரகரக்கும் அல்லது ஊமையாகிவிடும். மறுபடி ஐந்து நல்லது, ஒன்று கெட்டது. கட்டையில்தான் கோளாறு என்று நினைத்து கட்டையைக் கழற்றினால் ஒன்றும் கிடைக்காது. ஆறு குரல்களுக்கும் முறை மாறி மாறி வருவதால் இப்படி ஆகிறது. 'கீ டிரான்ஸ்போஸ்' பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால், எந்தக் குரல் ஒலிக்கிறது என்பதை டிஸ்பிளேயில் எண்ணாகக் காட்டும் டெஸ்ட் மோடு வரும். நோயாளி யார் என்று அதில் தெரிந்துவிடும்.

வைத்தியம் என்ன தெரியுமா? மாட்யூலைச் சால்டரிலிருந்து கழற்றி, அசிட்டோனில் ஊறப் போடுவது. நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்குமே, அதே அசிட்டோன்தான் :-) பிசின் இளகியதும் மெதுவாக உரித்தெடுத்தால், பல மாட்யூல்கள் உயிர் பிழைத்துவிடுகின்றன. உரித்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரிந்துபோனது. ரோலண்டின் பழைய ஐ.ஆர். 3109 ஃபில்டர் சிப்பும் பி.ஏ. 662-உம் சின்ன உருவத்தில்! அதை வைத்துச் சிறு நிறுவனங்கள் மாற்று மாட்யூல்களே செய்து விற்க ஆரம்பித்தன.

பேட்டரி என்ற எமன்

சிப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாலும், பல கீபோர்டுகளைக் கொன்றது சாதாரண பேட்டரி. 1981-ல் வந்த கோர்க் பாலிசிக்ஸ் கீபோர்டில் மெமரிக்காக ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி வைத்திருந்தார்கள். அது கசிந்தால், காரம் போர்டில் இருக்கும் தாமிரத் தடங்களை அரித்துத் தின்றுவிடும். பேட்டரியைக் கழற்றி, வினிகரால் துடைத்து, அரித்துப்போன தடங்களுக்குப் பதிலாக மெல்லிய கம்பி இழுப்பதுதான் வழி. பொறுமை வேண்டும்.

1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்-7 இந்த விஷயத்தில் பரவாயில்லை. அதிலிருப்பது லித்தியம் பேட்டரி. ஆனால் போர்டிலேயே சால்டர் செய்து வைத்திருப்பார்கள். அதைக் கழற்றினால் மெமரியில் உள்ள ஒலிகள் காலி. அதே வருடம் அறிமுகமான மிடி இங்கே கைகொடுக்கிறது. மிடி கேபிள் வழியாக ஒலிகளைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பி வைத்துக்கொண்டு, பேட்டரியை மாற்றிவிட்டு, திரும்ப ஏற்றலாம். மிடியும் போட்டிக் கம்பெனிகள் சேர்ந்து எல்லாருக்கும் பொதுவாக வைத்த ஒரு விதிமுறைதான் என்பதைக் கவனியுங்கள்.

செத்த சிப் திரும்பி வந்தது

1980-களின் இறுதியில் டிஜிட்டல் கீபோர்டுகள் சந்தையைப் பிடித்தன. புரொஃபெட்-5 உற்பத்தி 1984-ல் நின்றது. சீக்வென்ஷியலை 1987-ல் யமஹா வாங்கியது. கர்ட்டிஸ் 3340-க்கும் உற்பத்தி நின்றது. ஆனால் பழைய ஒலிக்கு மவுசு குறையவில்லை. மிச்சமிருந்த சிப்களின் விலை ஏறியது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற கதைதான். ஒரு கீபோர்டை வாழவைக்க இன்னொரு கீபோர்டின் வயிற்றைக் கிழித்தார்கள். இப்படியே போயிருந்தால் கடைசியில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

டக் கர்ட்டிஸ் 2007-ல் காலமானார். அவருடைய கம்பெனி 2016-ல் 3340-ஐ மறுபடி உற்பத்தி செய்தது. லாட்வியாவின் ரீகா நகரில், சோவியத் காலத்திலிருந்து குறைகடத்தி செய்துவந்த ஆல்ஃபா நிறுவனம் ஏ.எஸ். 3340 என்ற நகலைக் கொண்டுவந்தது. கூல்ஆடியோ நிறுவனம் வி3340 என்று ஒன்றைச் செய்தது. பழைய எஸ்.எஸ்.எம். சிப்களின் வடிவமைப்பில் பங்கேற்ற டேவ் ராஸம், அந்த வரிசையின் புது வாரிசுகளை வடிவமைத்தார். 2020-ல் டேவ் ஸ்மித் புரொஃபெட்-5-ஐ மறுபடி வெளியிட்டபோது, கர்ட்டிஸ் ஃபில்டர், ராஸம் ஃபில்டர் இரண்டையும் உள்ளே வைத்து, எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கச் சுவிட்சும் கொடுத்தார். பழையதற்கு ஸ்பேர் தேடிக்கொண்டிருந்தவர்களுக்குப் புதிய கீபோர்டே கிடைத்தது!

இது எப்படிச் சாத்தியமானது? எந்தக் கால் என்ன செய்கிறது, எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பதெல்லாம் டேட்டாஷீட்டில் இருந்தது. பல கம்பெனிகள் பயன்படுத்தியதால் இன்றும் வாங்க ஆள் இருந்தார்கள். யமஹா டிஎக்ஸ்-7-இன் சொந்தச் சிப்புக்கு அப்படி ஒரு டேட்டாஷீட் கடையில் கிடைக்காது. 2021-ல் கென் ஷிரிஃப் அந்தச் சிப்பைத் திறந்து, மைக்ரோஸ்கோப்பில் படமெடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று படத்திலிருந்தே கண்டுபிடித்து எழுதினார். பெரிய சாதனைதான். ஆனால் படித்துப் புரிந்துகொள்வது வேறு, புதிதாக ஒரு சிப் கையில் கிடைப்பது வேறு.

நமக்கு என்ன?

வீட்டிலோ, கோவில் திருவிழாக் குழுவிலோ, சர்ச்சிலோ ஒரு பழைய கீபோர்டு கிடந்தால் காயலாங்கடைக்குப் போடும் முன் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, பேட்டரி கசிந்திருக்கிறதா. இரண்டு, அது எத்தனை வோல்ட்டுக்குச் செய்தது. ஜப்பான் உள்நாட்டு மாடல்கள் 100 வோல்ட். நம் 230-ல் நேரடியாகச் செருகினால் அன்றோடு சரி. மூன்று, அதன் சர்வீஸ் மேனுவல் கிடைக்கிறதா. மேனுவல் இருந்தால் பாதி நோய் தீர்ந்த மாதிரி. ரெகுலேட்டர், கெபாசிட்டர், ஆப்-ஆம்ப் போன்றவை இன்றும் சாதாரண எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்க மறக்காதீர்கள்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்களும் ஏதாவது ஒரு கருவியை வடிவமைப்பீர்கள். அதன் சர்க்யூட் படத்தை எங்காவது விட்டுவைத்துவிட்டுப் போங்கள். நாற்பது வருடம் கழித்து அதைத் திறக்கப்போகிறவர், நீங்கள் இதுவரை பார்த்தே இராத ஒருவராக இருப்பார்.