கும்பகோணத்தில் இரண்டு குறிப்பேடுகள்

ஆக்லாந்தில் இப்போது இரவு ஒன்பது மணி. சென்னையில் மதியம் இரண்டரை, லண்டனில் காலை பத்து, டொரோண்டோவில் விடியற்காலை ஐந்து. தூக்கத்தை விட்டுவிட்டு வந்தவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் எப்படி வாசிப்பது, எப்படிக் குறிப்பெடுப்பது என்று பேசச் சொன்னார்கள். நான் பேராசிரியர் அல்ல, செவிலியர். பட்டயப் படிப்போடு நின்றவள். அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்தக் கேள்வி போன வருடம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்தது. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த வரலாற்றைப் படித்தேன்.

என் மகள் அப்போது பன்னிரண்டாம் ஆண்டு. பள்ளியில் 'மாக்பெத்' நாடகம் பாடம். லேடி மாக்பெத் பற்றி அவள் எழுதிய கட்டுரையைத் திருத்திக் கொடுத்த ஆசிரியர், ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார். இதில் நீ எங்கே இருக்கிறாய் என்பது கேள்வி. கட்டுரையில் பிழை எதுவும் இல்லை. பேராசை, குற்றவுணர்வு, இரத்தக் கறை எல்லாம் வரிசையாக இருந்தன. எல்லாம் இணையக் குறிப்புகளிலிருந்து வந்தவை. "நல்ல நோட்ஸ் கிடைக்கும், அதைப் படிச்சு மனசுல ஏத்திக்கோ மக்கா" என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

எனக்குத் தெரிந்த வழி அது. நாகர்கோவில் பக்கம் தமிழ்வழிப் பள்ளி. ஆங்கிலக் கட்டுரைகளைக் கைடு பார்த்துக் காற்புள்ளி உட்பட மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். நியூசிலாந்து வருவதற்கான ஆங்கிலத் தகுதித் தேர்வில் எழுத்துப் பகுதியில் இரண்டு முறை தவறினேன். மனப்பாடம் செய்த கட்டுரை கேட்ட கேள்விக்குப் பொருந்தவில்லை. அந்த இரண்டு தோல்விக்குப் பிறகும் மகளுக்கு அதே வழியைத்தான் காட்டினேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1835-இல் ஆங்கிலக் கல்விக்கு ஆதரவாக மெக்காலே தன் குறிப்பை எழுதினார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்துக்கெனத் தனிப் பட்டப் படிப்பு வந்தது 1890-களில்; கேம்பிரிட்ஜில் 1917-இல். அதாவது ஆக்ஸ்ஃபோர்டு மாணவருக்கு முன்பே தஞ்சாவூர், திருநெல்வேலிப் பையன்கள் ஷேக்ஸ்பியருக்குத் தேர்வு எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

ஆரம்பத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வேலை பாடம் நடத்துவது அல்ல, தேர்வு நடத்துவது. பாடம் கல்லூரிகளில் நடக்கும். கேள்வித்தாள் மாகாணம் முழுவதற்கும் ஒன்று. தேறினால் சர்க்கார் உத்தியோகம். ஸ்காட்லாந்து மூடுபனியைப் பார்த்தே இராத பையனுக்கு அந்த நாடகத்துக்குள் நுழைய வேறு வாசல் இல்லை, குறிப்புதான் வாசல். மாக்மில்லன் கம்பெனி இந்தியப் பல்கலைக்கழக மாணவர்களுக்கென்றே ஆங்கில நூல் வரிசை ஒன்றை வெளியிட்டது. முன்னுரை, மூலம், பின்னால் விரிவான குறிப்புகள். அந்தக் குறிப்புகள் இல்லாமல் நம் பாட்டன்மார் தேறியிருக்க முடியாது. அதனால் அவற்றை ஏளனமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

தேறாதவர்களின் பட்டியலையும் பார்க்க வேண்டும். சென்னையில் 1906-இல் பிறந்த ஆர். கே. நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தவறினார். தவறியது ஆங்கிலத்தில். அந்த ஒரு வருடம் வீட்டில் இருந்து தன் விருப்பத்துக்கு வாசித்தார். பிறகு அவர் ஆங்கில நாவலாசிரியர் ஆனது நமக்குத் தெரியும். 1945-இல் வந்த அவருடைய 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலில், கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் கிருஷ்ணன் கடைசியில் அந்த வேலையை விட்டுவிடுகிறான்.

இன்னொருவர் கணிதமேதை ராமானுஜன். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலத்தில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். அதே கல்லூரியில் அதற்கு முந்தைய ஆண்டுவரை தமிழாசிரியராக இருந்தவர் உ. வே. சாமிநாதையர். ஒரே கல்லூரியோடு தொடர்புடைய இந்த இரண்டு பேரின் குறிப்பேடுகளும் என் மகளின் கட்டுரைக்குப் பதில் வைத்திருந்தன.

முதலில் உ. வே. சா. ஆங்கிலக் கல்வி பெறாதவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்துவிட்டு 1880-இல் கும்பகோணம் கல்லூரிக்கு வந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். சிந்தாமணியைக் கையில் எடுத்தவருக்கு நச்சினார்க்கினியர் உரை இருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. உரையாசிரியர் காட்டும் மேற்கோள்கள் பல எந்த நூலைச் சேர்ந்தவை என்ற பெயரே இல்லாமல் வந்தன. சமண சமயச் சொற்கள் புதிராக இருந்தன. விளங்காததை அவர் தாண்டிப் போகவில்லை. குறித்துக்கொண்டார். கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டார். சுவடிகளை ஒப்பிட்டார். சொற்களுக்கும் மேற்கோள்களுக்கும் அகராதி சேர்த்தார். ஏழு ஆண்டு கழித்து 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பெயர் தெரியாத மேற்கோள்களைத் தேடிய பழக்கம் அவரைச் சங்க நூல்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. 1937-இல் குறுந்தொகையைப் பதிப்பித்தபோதும் ஒவ்வொரு பாட்டோடும் ஒத்துப்போகும் பிற நூல் வரிகளை ஒப்புமைப் பகுதியாகச் சேர்த்துக் கொடுத்தார். தனக்குத் தெரியாததை எழுதி வைத்துக்கொண்ட ஒருவரின் குறிப்புகளால் நமக்குச் சங்க இலக்கியம் திரும்பக் கிடைத்தது.

ராமானுஜன் கதை வேறு மாதிரி. பதினைந்து, பதினாறு வயதில் அவருக்குக் கிடைத்தது ஒரு கைடு. லண்டனில் மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்த கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்கம். ஆயிரக்கணக்கான முடிவுகள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல். நம் பிள்ளைகள் பார்க்கும் இணையக் குறிப்பும் அதே போலத்தான், விடை இருக்கும், வழி இருக்காது. மற்றவர்கள் அதை மனப்பாடம் செய்திருப்பார்கள். ராமானுஜன் ஒவ்வொரு முடிவுக்கும் எப்படிப் போய்ச் சேர்வது என்று தானே போட்டுப் பார்த்தார். அங்கிருந்து மேலே போய்த் தன் முடிவுகளைக் குறிப்பேடுகளில் எழுதினார். 1957-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை அப்படியே படியெடுத்து அச்சிட்டது. கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் அவற்றோடு உழைத்தார்கள்.

ஆகவே கைடைக் கொளுத்த வேண்டியதில்லை. கோனார் உரை வைத்துப் படித்த தலைமுறை நாம். குறிப்பைத் திறக்கும்போது கையில் நம்முடைய கேள்வி ஒன்று இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் மாணவனின் குறிப்பேட்டை மாணவனே உண்டாக்கினான். வாசித்ததில் பிடித்ததைத் தலைப்பு வாரியாக எழுதி வைப்பது வழக்கம். அதில் எழுதியதைத் திரும்பக் கண்டுபிடிப்பதற்காகத் தத்துவ அறிஞர் ஜான் லாக் ஓர் அகரவரிசை முறையை உருவாக்கினார். அது 1686-இல் பிரெஞ்சிலும் 1706-இல் ஆங்கிலத்திலும் அச்சானது. பிறகு 1920-களில் கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் ஒரு சோதனை செய்தார். கவிஞர் பெயரில்லாமல் கவிதைகளை அச்சிட்டு மாணவர்களிடம் கொடுத்து, பல முறை வாசித்துக் கருத்து எழுதச் சொன்னார். 1929-இல் வந்த அவருடைய நூலில் பதின்மூன்று கவிதைகளும் மாணவர் கருத்துகளும் இருக்கின்றன. வந்த முடிவு சங்கடமானது. நன்றாகப் படித்த மாணவர்கள் பலருக்குக் கவிதையின் நேரான பொருளே பிடிபடவில்லை. கவிதையில் இல்லாத தங்கள் நினைவுகளையும், ஏற்கெனவே தயாராக இருந்த உணர்ச்சிகளையும் அதன் மேல் ஏற்றினார்கள். இன்று நியூசிலாந்துப் பள்ளித் தேர்வில் முன்பின் பார்த்திராத ஒரு பகுதியைக் கொடுத்து ஆராயச் சொல்வது அந்த வழியில் வந்ததுதான். அங்கே எந்தக் கைடும் உதவாது.

இதைப் படித்தபோது எனக்கு வார்டு நினைவு வந்தது. 1960-களில் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் நோயாளியின் பதிவை எழுத ஒரு முறை வகுத்தார். அதிலிருந்து வந்த நான்கு பகுதிகள் இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகின்றன. நோயாளி சொன்னது, அவர் வார்த்தையிலேயே. அடுத்து, நாம் கண்டதும் அளந்ததும். பிறகு நாம் என்ன நினைக்கிறோம். கடைசியில், என்ன செய்யப் போகிறோம். வரிசையை மாற்றக்கூடாது. "நோயாளி பதற்றமாக இருக்கிறார்" என்று எழுதினால் அது என் கருத்து. "இரவு இரண்டு மணிக்கு மூன்று முறை எழுந்தார், மகளின் பெயரைக் கேட்டார்" என்று எழுதினால் அடுத்த ஷிப்டில் வருபவர் தானே யோசிக்க முடியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து மாக்பெத்தின் ஐந்தாம் அங்கம் முதல் காட்சியை வாசித்தேன். ராணி தூக்கத்தில் நடக்கும் காட்சி. நான் அதுவரை படித்ததில்லை. மகள் ராணியைப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் பட்டது அவளுக்குக் காவல் இருக்கும் பணிப்பெண். அது நைட் டியூட்டி.

மருத்துவர் இரண்டு இரவு விழித்திருந்தும் ஒன்றும் பார்க்கவில்லை. பணிப்பெண் தான் கண்டதைச் சொல்கிறாள். ராணி எழுந்தாள், மேலங்கி போட்டாள், பெட்டகத்தைத் திறந்தாள், தாள் எடுத்து மடித்தாள், எழுதினாள், வாசித்தாள், முத்திரை வைத்தாள், மறுபடி படுத்தாள்; அத்தனையும் தூக்கத்தில். ஒரு கருத்துகூட இல்லை. ராணி என்ன பேசினாள் என்று கேட்டால் மட்டும் சொல்ல மறுக்கிறாள். தனக்குச் சாட்சி இல்லையாம். ராணி விளக்கோடு வருகிறாள். மருத்துவர் அவள் பேசுவதை மறக்காமல் இருக்கக் குறித்துக்கொள்கிறார். இந்த நோய் தன் கைக்கு அப்பாற்பட்டது என்கிறார். கடைசியில் பணிப்பெண்ணிடம், அவள் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளக் கூடிய பொருள்களை அகற்று, கண்ணை எடுக்காதே என்கிறார். சொன்னது, கண்டது, நினைப்பது, செய்ய வேண்டியது. நான்கும் அந்தக் காட்சியில் இருந்தன. தற்கொலை அபாயம் உள்ள நோயாளிக்கு நாங்கள் இன்றும் செய்வது அதையே. அந்தக் காவலையும் மீறி ராணி இறந்துபோகிறாள். அப்படி ஓர் இரவுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கும் உண்டு. அதை மகளிடம் அன்றுதான் முதல் முறையாகச் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொம்பளை ஏன்மா சொல்ல மாட்டேங்கறா? பயமா, விசுவாசமா?" என்று கேட்டாள். அதை நோட்டில் எழுதச் சொன்னேன். ஒரு பக்கத்தை நான்காகப் பிரித்தோம். முதல் கட்டத்தில் நாடகத்தின் சொற்கள், அப்படியே. இரண்டாவதில் மேடையில் நடப்பது: யார் பேசுகிறார், யார் மௌனம், எந்தச் சொல் திரும்ப வருகிறது. மூன்றாவதில் அவள் கருத்து. நான்காவதில் விளங்காதது, தேட வேண்டியது. மூன்று கட்டம் நிறைந்த பிறகே இணையக் குறிப்பைத் திறக்கலாம் என்பது ஒப்பந்தம். திறந்தபோது, பணிப்பெண்ணைப் பற்றி அவள் பார்த்த பக்கங்களில் ஒரு வரிக்கு மேல் இல்லை. அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

புதிய கட்டுரை, உண்மையைத் தெரிந்தும் வாய் திறக்க முடியாத அந்தப் பணிப்பெண்ணைப் பற்றியது. 'மெரிட்' கிடைத்தது. 'எக்ஸலன்ஸ்' கிடைக்கவில்லை, வாக்கியங்கள் இன்னும் சீராக வேண்டும் என்றார் ஆசிரியர். ஓரத்தில் இந்த முறை மூன்று கேள்விகள் இருந்தன, மூன்றும் அவள் சொன்னதைத் தொடர்ந்து கேட்டவை.

மாக்பெத் முதலில் அச்சானது 1623-இல் வந்த ஷேக்ஸ்பியர் முதல் ஃபோலியோவில். அதன் பிரதி ஒன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது, லார்ன் தெருவில் உள்ள ஆக்லாந்து மத்திய நூலகத்தில், சர் ஜார்ஜ் கிரே கொடுத்த தொகுப்பில். வேலைக்குப் போகும்போது பல வருடம் அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

என் அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அவருடைய வேதாகமத்தின் ஓரங்களில் சிவப்புப் பென்சிலால் தேதிகள் இருக்கும். எனக்கு டைபாய்டு வந்த தேதி ஒரு சங்கீதத்தின் பக்கத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறி. அவர் என்ன கேட்டார் என்று நான் கேட்டு வைக்கவில்லை. அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. பிள்ளைகளோடு வாசிக்கப் போகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் ஓரத்தில் எழுதுவதைப் பார்த்தால், அது என்ன என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விகள்.