பருவத்துக்கு முந்தைய கணிப்புகள்: பேஸ்பாலும் கொடைக்கானல் சூரிய ஆய்வகமும்

ஒரு பருவம் தொடங்கும் முன்பே அது எப்படி முடியும் என்று சொல்வது பருவ முன்கணிப்பு எனப்படும். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் (அடிபந்தாட்டம்) ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் எந்த அணி எத்தனை ஆட்டங்களில் வெல்லும் என்ற கணிப்புகள் வெளியாகின்றன. இந்தியாவில் ஏறத்தாழ அதே காலத்தில், ஏப்ரல் மாதத்தில், வானிலைத் துறை தென்மேற்குப் பருவமழை குறித்த கணிப்பை வெளியிடுகிறது. தமிழ்நாட்டில் சித்திரை முதல் நாள் கோவில்களில் பஞ்சாங்கம் படித்து அவ்வாண்டு எத்தனை மரக்கால் மழை என்று சொல்லும் வழக்கமும் உண்டு.

ஆட்டத்தைக் கணிப்பதற்கும் மழையைக் கணிப்பதற்கும் உள்ள சிக்கல் அடிப்படையில் ஒன்றே. பழனி மலைத்தொடரில் கொடைக்கானலில் உள்ள சூரிய ஆய்வகத்தின் வரலாறு இச்சிக்கலைப் புரிந்துகொள்ள உதவும் சிறந்த சான்றாகும். அந்த ஆய்வகம் உருவானதற்கே ஒரு பருவ முன்கணிப்புதான் காரணமாக இருந்தது.

பேஸ்பாலில் முன்கணிப்பு

அமெரிக்காவின் நேஷனல் லீக் 1876 பிப்ரவரி 2 அன்று நியூயார்க் நகரில் தொடங்கப்பட்டது. இன்றைய மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஐபிஎல் போட்டியில் ஓர் அணி முதற்சுற்றில் 14 ஆட்டங்கள் மட்டுமே ஆடுவதோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய எண்ணிக்கை. ஆகவே பேஸ்பாலில் புள்ளிவிவரம் தொடக்கத்திலிருந்தே முக்கிய இடம் பெற்றது. 1977 முதல் பில் ஜேம்ஸ் வெளியிட்ட ஆண்டுத் தொகுப்புகள் இத்துறையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றன. 2003இல் நேட் சில்வர் உருவாக்கிய பெகோட்டா என்ற கணிப்பு முறை அறிமுகமானது.

இத்தகைய கணிப்புகளுக்கு வெற்றியும் தோல்வியும் உண்டு. 1968இல் பத்து அணிகளில் ஒன்பதாவதாக வந்த நியூயார்க் மெட்ஸ் அணி 1969இல் 100 ஆட்டங்களில் வென்று உலகத் தொடரையும் கைப்பற்றியது. மாறாக, 2007இல் 66 ஆட்டங்களில் மட்டுமே வென்ற தம்பா பே அணி அடுத்த ஆண்டு பெரிதும் முன்னேறும் என்று பெகோட்டா கணித்தது. பலர் அதை நம்பவில்லை. 2008இல் அந்த அணி 97 ஆட்டங்களில் வென்றது.

கணிப்பு எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. சரிபாதி ஆட்டங்களில், அதாவது 81 ஆட்டங்களில், வெல்லும் திறன் கொண்ட ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். அதன் திறன் மாறாமலே இருந்தாலும், தற்செயலின் விளைவாக மட்டுமே அதன் வெற்றிகள் மூன்று பருவங்களில் ஏறத்தாழ இரண்டில் 75க்கும் 87க்கும் இடையில் அமையும். மீதி ஒரு பருவத்தில் அந்த எல்லையையும் தாண்டும். எனவே ஒரு கணிப்பு ஒருமுறை பலிப்பதும் பொய்ப்பதும் அதன் தரத்தைக் காட்டாது. பல பருவங்களின் பதிவைக் கொண்டே அதை எடைபோட முடியும்.

பஞ்சமும் சூரியக் கரும்புள்ளிகளும்

நேஷனல் லீக் தொடங்கிய அதே 1876இல் சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. தமிழ் வழக்கில் இது தாது வருடப் பஞ்சம் எனப்படுகிறது. மழை பொய்க்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் தானியத்தைச் சேமித்திருக்கலாமே என்ற கேள்வி எழுந்தது. பஞ்சத்தின்போதும் தானிய ஏற்றுமதி தொடர்ந்ததையும், நிவாரணத்தில் அரசு காட்டிய சிக்கனத்தையும் வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். ஆகவே கணிப்பு இருந்திருந்தால் மட்டும் அத்தனை உயிர்களும் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று கூற இயலாது. இருப்பினும் மழையை முன்னறியும் முயற்சிக்கு இப்பஞ்சமே பெரும் உந்துதலாக அமைந்தது.

சூரியனின் மேற்பரப்பில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. ஜெர்மானியரான ஷ்வாபே 1843இல் இச்சுழற்சியை அறிவித்தார். பிரித்தானிய வானியலாளர் நார்மன் லாக்கியரும், இந்திய அரசின் புள்ளிவிவர அதிகாரி வில்லியம் வில்சன் ஹண்டரும் 1877இல் கரும்புள்ளிகளையும் பஞ்சங்களையும் தொடர்புபடுத்தி எழுதினர். சென்னையின் மழைக் கணக்கை ஆராய்ந்த ஹண்டர், கரும்புள்ளிகள் குறையும் ஆண்டுகளை ஒட்டி மழையும் குறைகிறது என்று வாதிட்டார். அது உண்மையானால் சூரியனைப் பார்த்தே பஞ்சத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லிவிடலாம். பஞ்சத்தைக் கண்ணால் கண்ட காலத்தில் இக்கருத்து அரசை ஈர்த்ததில் வியப்பில்லை.

கொடைக்கானல் ஆய்வகம் உருவாதல்

சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த நார்மன் போக்சன் தென்னிந்திய மலைப்பகுதி ஒன்றில் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று 1882இல் கோரினார். பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் தேடி ஆராயும் பணி சார்லஸ் மிச்சி ஸ்மித்திடம் ஒப்படைக்கப்பட்டது. வானம் தெளிவாக இருக்கும் நாட்களைக் கருதி அவர் கொடைக்கானலைப் பரிந்துரைத்தார். 1893இல் சூரிய இயற்பியல் ஆய்வகத்தை அங்கேயே அமைப்பது என்று முடிவானது. 1895இல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார்.

அக்காலத்தில் கொடைக்கானல் ஒரு சிறு கோடை வாழிடமாகவே இருந்தது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சி இங்கு முதல் வீடுகளைக் கட்டினர். 1863இல் வேரே லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். ஆய்வகம் கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. 1899 ஏப்ரல் 1 அன்று அது நடுவண் அரசின் வானிலைத் துறையின் பொறுப்பில் வந்தது. சூரியனை ஆராயும் நிலையம் வானிலைத் துறையின் கீழ் வைக்கப்பட்டதிலிருந்தே அதன் மீது இருந்த எதிர்பார்ப்பு விளங்கும்.

1899ஆம் ஆண்டின் தவறிய கணிப்பு

இந்தியாவில் பருவமழைக் கணிப்பைத் தொடங்கியவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. 1875இல் நிறுவப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் அவர். இமயமலையில் பனிப்பொழிவு மிகுந்தால் அடுத்து வரும் பருவமழை குறையும் என்ற கருத்தின் அடிப்படையில் 1886 ஜூன் 4 அன்று முதல் முறையான கணிப்பை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் மேலும் பல காரணிகளைச் சேர்த்து விரிவான கணிப்புகளை எழுதினார்.

1899இல் இயல்பைவிட அதிக மழை பெய்யும் என்று எலியட் கணித்தார். அவ்வாண்டு நாட்டின் மிகக் கடுமையான வறட்சிகளில் ஒன்று ஏற்பட்டது. மேற்கு, மத்திய இந்தியப் பகுதிகளில் 1899–1900 பஞ்சம் பெரும் உயிரிழப்பை உண்டாக்கியது. கொடைக்கானல் ஆய்வகம் வானிலைத் துறையின் கைக்கு வந்த அதே ஆண்டில், அத்துறையின் மிக மோசமான கணிப்பும் வெளிவந்தது.

வாக்கரின் அளவுகோல்

எலியட்டுக்குப் பின் 1904இல் கில்பர்ட் வாக்கர் பொறுப்பேற்றார். அவர் கேம்பிரிட்ஜில் பயின்ற கணிதவியலாளர். கணிப்பவரின் அனுபவ அறிவை நம்புவதற்குப் பதில் எண்களைக் கொண்டு சோதிக்கும் முறையை அவர் கொண்டுவந்தார். உலகின் பல இடங்களின் காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றை இந்திய மழையோடு ஒப்பிட்டு ஒட்டுறவுக் கெழுக்களைக் கணக்கிட்டார். இந்திய எழுத்தர்கள் பலர் கையால் செய்த பெருங்கணக்கு அது.

1914இல் வாக்கர் ஒரு முக்கியமான எச்சரிக்கையை முன்வைத்தார். மழையோடு தொடர்புடையதா என்று நூறு காரணிகளைச் சோதித்தால், எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் அவற்றில் சில தற்செயலாகவே பொருந்திப்போகும். பொருந்தியதை மட்டும் எடுத்துக்காட்டுவது ஏமாற்றத்தில் முடியும். எத்தனை காரணிகளைச் சோதித்தோம் என்பதையும் கணக்கில் கொண்டே ஓர் உறவை உண்மை என ஏற்க வேண்டும். இன்று பேஸ்பால் வீரரின் நூற்றுக்கணக்கான புள்ளிவிவரங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த பருவத்தைச் சொல்பவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

1915இல் வாக்கர் கரும்புள்ளிகளையும் மழையையும் இவ்வாறே சோதித்தார். கிடைத்த தொடர்பு மழைக் கணிப்புக்குப் பயன்படாத அளவு வலுவற்றதாக இருந்தது. கொடைக்கானல் ஆய்வகத்தைக் கட்டத் தூண்டிய நம்பிக்கை இவ்வாறு தளர்ந்தது. அதே ஆய்வுகளின் தொடர்ச்சியாக, பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதை வாக்கர் கண்டறிந்து, 1920களில் அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். 1969இல் ஜேக்கப் பியர்க்னஸ் அதை எல் நினோவோடு இணைத்து விளக்கினார்.

ஆய்வகத்தில் எஞ்சியது

அடிப்படை நோக்கம் தளர்ந்தபோதும் கொடைக்கானலில் பணி நிற்கவில்லை. 1907இல் அங்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் கரும்புள்ளியின் ஓரப் பகுதியில் வளிமங்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இது எவர்ஷெட் விளைவு என்று உலகெங்கும் அறியப்படுகிறது. 1960இல் வேணு பாப்பு இயக்குநரானார். 1971இல் ஆய்வகம் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பகுதியானது.

இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக இருந்தது அன்றாடப் பதிவு. 1904 முதல் வானம் தெளிந்த நாட்களில் சூரியனின் வெண்ணொளிப் படம் தவறாமல் எடுக்கப்பட்டது. கால்சிய நிறமாலைப் படங்களும், 1912 முதல் ஹைட்ரஜன் நிறமாலைப் படங்களும் இதில் சேர்ந்தன. கண்ணாடித் தட்டுகளிலும் படச்சுருள்களிலும் இருந்த இவை இப்போது மின்வடிவமாக்கப்பட்டுள்ளன.

பேஸ்பாலில் ஒரே ஆண்டில் 30 அணிகளின் முடிவுகள் கிடைத்துவிடுகின்றன. பருவமழையில் ஆண்டுக்கு ஒரே ஒரு முடிவுதான் கிடைக்கும். சூரியச் சுழற்சியின் முடிவை அறிய 11 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கொடைக்கானல் தொகுப்பு முழுமையான பத்துச் சுழற்சிகளை உள்ளடக்கியது. ஒரே மனிதர் தம் பணிக்காலத்தில் பார்க்க முடியாத அளவு இது.

பிற்காலக் கணிப்புகள்

1988இல் இந்திய வானிலைத் துறை 16 காரணிகளைக் கொண்ட கணிப்பு முறையை அறிமுகப்படுத்தியது. பல ஆண்டுகள் அது நல்ல பெயர் பெற்றது. 2002இல் சராசரியில் 101 விழுக்காடு மழை என்று கணித்தபோது பெய்தது 81 விழுக்காடே. 2009இல் 96 என்று கணித்தபோது 78 மட்டுமே பெய்தது. பின்னர் கடலையும் வளிமண்டலத்தையும் இணைத்துக் கணினியில் இயக்கும் முறைகள் புகுந்தன. இன்றைய அறிவிப்புகளில் பிழை எல்லையும் நிகழ்தகவும் சேர்த்தே தரப்படுகின்றன. 1971–2020 காலச் சராசரியான 87 செ.மீ. மழையே அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

சூரியனின் நிலையும் இதுவே. 2019இல் கூடிய பன்னாட்டு வல்லுநர் குழு, 25ஆம் சுழற்சியின் உச்சம் 2025 ஜூலையை ஒட்டி 115 என்ற அளவில் அமையும் என்று கணித்தது. உச்சம் 2024இலேயே 160ஐ ஒட்டிய அளவில் வந்தது.

தமிழ்நாட்டு உழவருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. நாடு முழுமைக்குமான கணிப்பு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலானது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ளது. எல் நினோ பொதுவாகத் தென்மேற்குப் பருவமழையைக் குறைத்தாலும் வடகிழக்குப் பருவமழையைக் கூட்டும் போக்குடையது. 2015இல் நாட்டில் மழை 14 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. ஏப்ரல் கணிப்பை மட்டும் கேட்டுப் பழனி மலையடிவாரத்தில் ஐப்பசி விதைப்பை முடிவு செய்பவர் தவறான முடிவுக்கு வர வாய்ப்புண்டு.

மதிப்பீடு

கரும்புள்ளிகளைக் கொண்டு பஞ்சத்தை முன்னறியலாம் என்ற கணிப்பு பொய்த்தது. ஆனால் அது பொய்த்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், கணிப்பும் விளைவும் எழுதி வைக்கப்பட்டு ஒப்பிடப்பட்டதே. பஞ்சாங்கத்தின் மரக்கால் கணக்கோ, செய்தித்தாளின் விளையாட்டுக் கணிப்போ பெரும்பாலும் அவ்வாறு சரிபார்க்கப்படுவதில்லை. எந்தப் பருவ முன்கணிப்பைப் படிக்கும் மாணவரும் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: இதே முறை சென்ற பருவங்களில் என்ன சொன்னது, உண்மையில் என்ன நடந்தது, பிழை எல்லை எவ்வளவு. இவற்றுக்கு விடை தரும் பதிவு இல்லாத கணிப்பை நம்பி விதைக்கவோ தானியத்தை விற்கவோ முடியாது. கொடைக்கானலில் சூரியனைப் படம் எடுக்கும் பணி இன்றும் தொடர்கிறது.