இரண்டு பூட்டுகள், ஒரு பொதுக் காரணி

பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடிக்க எங்களுக்குச் சொல்லித்தந்தது ஒரே வழிதான். இரண்டு எண்களையும் பகாக் காரணிகளாக உடை, இரண்டிலும் இருப்பதை எடுத்துப் பெருக்கு. 24, 36 என்றால் 12. பரீட்சைக்கு அது போதும். ஆனால் பொதுக் காரணி வேண்டுமென்றால் முதலில் காரணிகள் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அதோடு சேர்ந்து மண்டையில் ஏறிவிட்டது. வேலைக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் அது இறங்கியது.

கி.மு. 300 வாக்கில் எழுதப்பட்ட யூக்ளிடின் 'எலிமென்ட்ஸ்' ஏழாம் புத்தகத்தின் தொடக்கத்திலேயே வேறு வழி இருக்கிறது. அவருக்கு எண் என்பது ஒரு கோடு. ஒரு எண் இன்னொன்றை வகுப்பதாக அவர் சொல்வதில்லை, 'அளக்கிறது' என்கிறார். பெரிய கோட்டிலிருந்து சின்னதைக் கழி. மிஞ்சியதை வைத்து முன்பு கழித்ததைக் கழி. கடைசியில் எது மிச்சமில்லாமல் அளக்கிறதோ அதுதான் மீப்பெரு பொதுக் காரணி. எந்த எண்ணையும் உடைக்கவே வேண்டாம்.

3763, 3233 என்ற இரண்டை எடுத்துக்கொள்வோம். கழித்தால் 530. 3233-ஐ 530-ஆல் வகுத்தால் மீதி 53. 530-ஐ 53 சரியாக வகுக்கிறது. விடை 53, மூன்றே வரி. இப்போது போனஸாக 3763 = 53 × 71 என்றும், 3233 = 53 × 61 என்றும் தெரிந்துவிட்டது. தனித்தனியாகக் கொடுத்திருந்தால் 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போயிருப்போம்.

கி.பி. 499 காலத்து ஆரியபடர் இதே தொடர்வகுத்தலை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். ஈவுகளைத் தூக்கி எறியாமல் வரிசையாக எழுதிவைத்து, கீழிருந்து மேலே பெருக்கிக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த எண்ணால் வகுத்தால் இவ்வளவு மீதி, அந்த எண்ணால் வகுத்தால் அவ்வளவு மீதி, அப்படியானால் எண் எது? கோள்களின் சுற்றுக்கணக்குக்கு இது தேவைப்பட்டது. பெயர் குட்டகம், அதாவது இடித்துப் பொடியாக்குவது. பெரிய எண்களை அது நிஜமாகவே பொடியாக்குகிறது, பொருத்தமான பெயர்தான்.

1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ பூட்டில் இரகசியச் சாவியைக் கணக்கிட இன்றும் இந்தக் குட்டகக் கணக்குதான். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, பெருக்கற்பலனை ஊருக்கே காட்டலாம். அதைத் திரும்ப உடைக்க யாராலும் முடியாது என்பதுதான் தைரியம்.

ஆனால் இரண்டு பூட்டுகள் ஒரு பகா எண்ணைப் பகிர்ந்துகொண்டால்? உடைக்கவே வேண்டாம், யூக்ளிட் போதும். 2012-இல் ஆர்யன் லென்ஸ்ட்ரா குழுவும் நாடியா ஹெனிங்கர் குழுவும் தனித்தனியாக இணையத்திலிருந்த பல லட்சம் பொதுச் சாவிகளைத் திரட்டிப் பொதுக் காரணி தேடின. ஹெனிங்கர் குழு, டிஎல்எஸ் வைத்திருந்த இயந்திரங்களில் சுமார் இருநூறுக்கு ஒன்றின் இரகசியச் சாவியை எடுத்துக் காட்டியது. பெரும்பாலும் ரௌட்டர் மாதிரியான சின்னப் பெட்டிகள். பெட்டி முதல்முறை உயிர்பெறும்போது அதனிடம் தற்செயல் என்று எதுவும் இல்லை. விசைப்பலகை கிடையாது, கடிகாரமும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் இரண்டு பெட்டிகள் ஒரே முதல் பகா எண்ணைத் தேர்ந்தெடுக்கும். அதற்குள் ஒரு நொடி நகர்ந்துவிட்டால் இரண்டாவது எண் மட்டும் மாறும். இரண்டுமே ஒன்றாக இருந்திருந்தால்கூடச் சாவியை வைத்திருப்பவன் இன்னொரு பெட்டிக்காரன் மட்டும்தான். ஒன்று மாறியதால் கணக்குத் தெரிந்த எவனும் திறக்கலாம்.

அதைப் படித்தபோது நான் வேலைபார்த்த இடத்திலும் அப்படிப் பெட்டிகள் செய்துகொண்டிருந்தோம். "2048 பிட் சார், யாராலயும் உடைக்க முடியாது" என்று வாடிக்கையாளரிடம் சொன்னவனே நான்தான். ஒரு சனிக்கிழமை நாலாயிரத்துச் சொச்சம் பொதுச் சாவிகளை எடுத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் பொதுக் காரணி பார்க்கப் பத்து வரி நிரல் எழுதி ஓடவிட்டேன். திரையில் 1, 1, 1 என்று வந்துகொண்டே இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், நடுவில் ஒரு வரி மட்டும் திரையின் விளிம்பைத் தாண்டி நீண்டிருந்தது.

திங்கட்கிழமை மேலாளரிடம் காட்டினேன். "எத்தனை ஜோடி?" என்றார். பதினொன்று என்றேன். "வித்தாச்சா?" என்றார்.

ஏழு ஜோடி விற்றாயிற்று.