ராவுத்தர்

‘ராவுத்தர்’ என்றால் இன்று ஒரு முஸ்லிம் சமூகத்தின் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. முற்கால வழக்கில் அது குதிரை வீரனைக் குறித்த படைச்சொல். வடமொழி ‘ராஜபுத்ர’ பிராகிருதத்தில் ‘ராஉத்த’ எனத் திரிந்தது. அதுவே கன்னடத்தில் ‘ராவுத’, தெலுங்கில் ‘ரௌது’, தமிழில் ‘இராவுத்தன்’ ஆயிற்று. அரசமகனுக்குரிய சொல் குதிரை வீரனுக்கு வந்ததில் வியப்பில்லை. போர்க்குதிரையை வாங்கிப் பேணும் செலவைத் தாங்கக்கூடியவர்கள் பெரும்பாலும் உயர்குடியினரே.

குதிரைகள் அரபு வணிகர் வழியாக வந்ததால் சொல்லும் அரபுதானே என்று கேட்கலாம். சரக்கு வந்த வழியிலேயே சொல்லும் வரவேண்டும் என்பதில்லை. ‘புத்ர’ என்பது ‘உத்த’ ஆவது பிராகிருத ஒலிமாற்ற முறைக்கு முற்றும் பொருந்துகிறது. மேலும், 15ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே கந்தரலங்காரத்தில் இராவுத்தன் என்று அழைக்கிறார். அன்று அச்சொல் சுட்டியது மதத்தையன்று, ஊர்ந்து போரிடும் வீரத்தை. அந்த வீரத்தின் பெயரையே ஒரு சமூகம் இன்றும் பெருமையோடு தாங்கி நிற்கிறது.