அடைப்பொறியும் அதன் துப்புரவும்

ஜொகூர் மாநிலத் தோட்டப்புறங்களில் தமிழ் மக்கள் கோழியை அடைவைத்த முறை, அவர்தம் முன்னோர் தமிழகத்தில் கையாண்ட அதே முறைதான். கூடையில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை வைத்து, மேலே அடைக்கோழியை அமர்த்துவர். இருபத்தொரு நாள் சென்று குஞ்சுகள் இறங்கியதும், முட்டையோடு வைக்கோலையும் சேர்த்துக் குப்பையில் கொட்டிவிட்டால் துப்புரவு வேலை முடிந்தது. கூடையின் இடத்தைப் பொறி பிடித்துக்கொண்டபோதுதான் அது பெருவேலையாயிற்று.

அடைப்பொறியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெப்பத்தின் வரலாற்றையே எழுதுகின்றனர். எகிப்தியர் முட்டைகளை எருவில் புதைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்ததை கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் குறித்தார். பின்னாளில் அந்நாட்டார் செங்கற் சூளைகள் கட்டினர்; வெப்பமானி இல்லாத குறையை, முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்துத் தீர்த்துக்கொண்டனர். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1749இல் இதுபற்றித் தனி நூலே வெளியிட்டார். அமெரிக்கரான சாமுவேல் ஸ்மித், விசிறியால் வெப்பக்காற்றைச் சுழலச் செய்யும் முறைக்கு 1918இல் காப்புரிமை பெற்றார். வெவ்வேறு நாட்களில் வைத்த ஆயிரக்கணக்கான முட்டைகள் ஓரறையில் இருக்கலாயின. முதிர்ந்த கருக்களின் சூடு இளங்கருக்களுக்கு உதவிற்று. சிக்கனமான ஏற்பாடுதான்; ஆயினும் விசிறி சூட்டை மட்டும் பரப்பவில்லை.

குஞ்சுகளைக் கூட்டங்கூட்டமாக மாய்த்த ஒரு கழிச்சல் நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1900ஆம் ஆண்டளவில் லியோ ரெட்கர் என்பார் விளக்கியிருந்தார். நம்மவர் ராணிக்கெட் நோயையும் வெள்ளைக்கழிச்சல் என்றே சொல்வதுண்டு. அது வைரசால் வருவது, இது பாக்டீரியாவால் வருவது. நோயுற்ற தாயிடமிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து குஞ்சுக்கும் இது செல்லும். ஈரம் உலர்ந்ததும் குஞ்சின் மேனியிலிருந்து உதிரும் மெல்லிய தூவியில் அந்நுண்ணுயிர் ஒட்டியிருக்கும். தாய்க்கோழியின் கூட்டில் அது ஓர் ஈட்டுக் குஞ்சுகளோடு நின்றுவிடும். விசிறி சுழலும் அறையிலோ, ஒரு குஞ்சின் தூவி அத்தனை குஞ்சுகளின் மூச்சிலும் கலந்தது.

இவ்விடர்ப்பாடு பொறியின் அமைப்பையே மாற்றிற்று. முதற் பதினெட்டு நாட்களுக்கு ஒரு பெட்டி, கடைசி மூன்று நாட்களுக்கு வேறொரு பெட்டி என அடைகாத்தல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அழுக்கனைத்தும் பொரிக்கும் நாளில்தான் சேர்கிறது. ஆதலின் பொரிப்பெட்டியை மட்டும் ஒவ்வோர் ஈட்டுக்கும் பின் முற்றாகக் காலிசெய்து கழுவ இயன்றது. முதலில் ஓடும் தூவியும் அகற்றப்படும், பின் சோப்புநீரால் தேய்ப்பு, அதன்பின்னரே கிருமிநாசினி. இவ்வரிசையை மாற்றினால் மருந்தின் ஆற்றல் அழுக்கிலேயே அழிந்துபோகும். அவசரக்காரர் மருந்தை முதலில் தெளித்துவிட்டு ஏமாந்ததுண்டு.

பார்மலினையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் கலந்து புகையூட்டும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. அப்புகையின் பொருளான பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியது. குஞ்சைக் காத்த புகை, அதனை மூட்டியவரின் நெஞ்சுக்கு ஆகாததாயிற்று. இதன் பின்னர் மாற்று மருந்துகளை நாடும் போக்கு வலுத்தது.

மலேசியாவில் கோழி வளர்ப்பில் முன்னிற்கும் மாநிலங்களுள் ஜொகூரும் ஒன்று. 2022 ஜூன் 1ஆம் நாள் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, தடைக்கு உட்பட்ட அளவு மாதத்துக்கு 36 இலட்சம் கோழிகள். நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் உடனே கலங்கினர். இத்தகைய பெருந்தொகைக்குக் குஞ்சு பொரிக்கும் நிலையங்களில், ஓரீடு பொரித்த பெட்டி அடுத்த ஈட்டுக்காக விரைவில் ஆயத்தமாக வேண்டும். ஜொகூரின் தட்பவெப்பமோ ஆண்டு முழுதும் ஈரப்பதம் மிக்கது. நுண்ணுயிர் ஒழிந்தாலும், ஈரம் எஞ்சிய மூலையில் பூஞ்சணம் பூத்துவிடும். அதன் துகள் இளங்குஞ்சின் நுரையீரலைப் பற்றும். ஆகவே கழுவிய பெட்டி, இடுக்குகளும் தட்டுகளின் அடிப்புறமும் உட்பட முழுதும் உலர்ந்த பின்னரே, பதினெட்டு நாள் நிறைந்த அடுத்த முட்டைகள் உள்ளே வைக்கப்பட வேண்டும்.